சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் கேமராவோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியங்களையும் அவற்றுக்கு முன்னால் நிற்கும் மனிதர்களையும் படம் எடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். படங்களைப் பார்ப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். "உள்ளே விட்டார்களா?", "அந்த ஆள் ஒன்றும் சொல்லவில்லையா?", "எந்த லென்ஸ்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. கையில் போனோ சின்னக் கேமராவோ வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

உள்ளே படம் எடுக்க விடுவார்களா?

இப்போது பெரும்பாலான இடங்களில் விடுகிறார்கள். முன்பு இப்படி இல்லை. லண்டன் நேஷனல் கேலரி 2014இல்தான் பார்வையாளர்களுக்கு அனுமதி கொடுத்தது. மாட்ரிட்டில் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கும் பிக்காசோவின் 'கெர்னிகா'வைப் படம் எடுக்க சுமார் 30 வருடம் தடை இருந்தது, 2023இல்தான் தளர்த்தினார்கள். அதே ஊரில் இருக்கும் பிராடோ அருங்காட்சியகத்தில் தடை இன்னும் அப்படியே தொடர்கிறது. ஆக, எல்லா இடத்துக்கும் பொதுவான விதி என்று எதுவும் கிடையாது. போகப்போகும் இடத்தின் இணையதளத்தில் பார்வையாளர் விதிகளை முந்தின நாளே ஒருமுறை படித்துவிடுங்கள்.

அனுமதி இருந்தாலும் ஃப்ளாஷ், ட்ரைபாட், செல்ஃபி குச்சி மூன்றுக்கும் அநேகமாக எங்கேயும் இடமில்லை. வீடியோவுக்குத் தனி விதி இருக்கலாம். விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ எடுப்பதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டாக வேண்டும்.

ஒரே கூடத்தில் ஓர் ஓவியத்தை எடுக்கலாம், பக்கத்து ஓவியத்தை எடுக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

கேன்வாஸ் அருங்காட்சியகத்தின் சொத்தாக இருக்கலாம். அதன் பதிப்புரிமை பெரும்பாலும் ஓவியரிடமோ வாரிசுகளிடமோதான் இருக்கும். காசு கொடுத்து ஓவியத்தை வாங்கியதாலேயே அந்த உரிமையும் கூடவே வந்துவிடாது. தற்காலிகக் கண்காட்சி என்றால் இன்னொரு சிக்கல்: இரவல் கொடுத்தவர் போட்ட நிபந்தனை. அதனால்தான் நிரந்தரச் சேகரிப்பில் தாராளமாக விடுபவர்கள் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் கறாராகிவிடுகிறார்கள். ஓவியத்தின் பெயர் அட்டையைப் பாருங்கள். குறுக்குக் கோடு போட்ட கேமராச் சின்னம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சில கலைஞர்கள் கொள்கையாகவே படம் எடுக்க விடுவதில்லை. டினோ சேகல் அப்படிப்பட்டவர். மனிதர்கள் பேசுவதும் நடப்பதும் பாடுவதும்தான் அவருடைய படைப்பு. சுவரில் மாட்ட எதுவும் இருக்காது. 2010இல் நியூயார்க் குகன்ஹைமிலும், 2012இல் லண்டன் டேட் மாடர்னிலும் அவர் படைப்புகளுக்கு அத்தனை கூட்டம். அதிகாரபூர்வமான புகைப்படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. நேரில் இருந்தவரின் நினைவில் மட்டும் அது மிஞ்ச வேண்டும் என்கிறார். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது நியாயமாகவே படுகிறது.

ஃப்ளாஷ் போட்டால் ஓவியம் உண்மையிலேயே கெட்டுவிடுமா?

ஒரே ஒரு ஃப்ளாஷால் எண்ணெய் ஓவியம் வெளிறிப்போகாது. ஆனால் ஒளியால் வரும் சேதம் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. காகிதத்தில் வரைந்தவை, நீர்வண்ணங்கள், பழைய புகைப்படங்கள் போன்றவற்றைச் சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள். எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வாக்கில். அலுவலக மேசைக்கே 500 லக்ஸ் வேண்டும் என்பார்கள். சில கூடங்களில் நுழைந்ததும் கண்ணைக் கட்டியதுபோல இருப்பதற்கு இதுதான் காரணம். அப்படிக் கணக்குப் பார்த்து வெளிச்சத்தை அளக்கும் இடத்தில் நாம் ஃப்ளாஷ் அடித்தால் யாருக்குக் கோபம் வராது?

ஓவியம் இருக்கட்டும், ஃப்ளாஷ் அடித்தால் உங்கள் படம்தான் முதலில் கெடும். வார்னிஷில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும், அவ்வளவுதான். போனில் ஃப்ளாஷ் 'ஆட்டோ'வில் இருக்கும், வாசலிலேயே அணைத்துவிடுங்கள். கேமராவில் ஃபோகஸுக்கு உதவும் சின்ன விளக்கு ஒன்று தனியாக எரியும். அதையும் மெனுவில் தேடி அணைக்க வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

என்ன கேமரா, என்ன லென்ஸ்?

போன் போதும். கேமரா என்றால் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்று, நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப்/1.8 அல்லது எஃப்/2 இருந்தால் நல்லது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 1600, 3200 என்று ஏற்றத் தயங்காதீர்கள். கொஞ்சம் புள்ளி தெரிந்தால் பரவாயில்லை, கலங்கலைச் சரிசெய்ய முடியாது. பெரிய ஜூம் லென்ஸ் வேண்டாம். அதைத் தூக்கினால் கூடத்தில் எல்லோரும் ஓவியத்தை விட்டுவிட்டு உங்களைப் பார்ப்பார்கள்.

சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் போடுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனம்: சில எல்இடி விளக்குகளின் கீழே அந்த ஷட்டரால் படத்தில் குறுக்குப் பட்டைகள் விழும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/60 விநாடிக்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். முதல் கூடத்திலேயே வெள்ளைச் சுவரை ஒருமுறை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டால் நிம்மதி.

முதுகுப் பையை மாட்டிக்கொண்டு உள்ளே விடமாட்டார்கள், விட்டாலும் மாட்டாதீர்கள். திரும்பும்போது பை எங்கே போய் இடிக்கிறது என்று நமக்குத் தெரியாது.

ஓவியத்தைக் கோணாமல் எடுப்பது எப்படி?

கோணலுக்குக் காரணம் கை நடுக்கம் இல்லை, நிற்கும் இடம். கேமரா ஓவியத்துக்கு இணையாகவும், ஓவியத்தின் நடுப்புள்ளிக்கு நேராகவும் இருக்க வேண்டும். அண்ணாந்து எடுத்தால் மேல்பக்கம் குறுகும். பக்கவாட்டில் நின்றால் ஒரு ஓரம் பெரிதாகத் தெரியும். திரையில் கட்டக்கோடுகளைப் போட்டு, பிரேமின் நான்கு விளிம்பும் அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். போனின் அகலமான லென்ஸில் கிட்டே போய் எடுத்தால் விளிம்புகள் வயிறு தள்ளியதுபோல வளையும். இரண்டு எட்டு பின்னால் போய் 2எக்ஸில் எடுங்கள். பின்னால் போகும் முன் திரும்பிப் பார்ப்பது அவசியம்; ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்த தலைவலி கண்ணாடி. பிரேமில் கண்ணாடி இருந்தால் ஓவியத்துக்கு நடுவில் உங்கள் முகமும் அவசர வழிப் பலகையின் பச்சை விளக்கும் தெரியும். போலரைசர் வடிகட்டி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். சாய்வாக நின்றால் அது பிரதிபலிப்பைக் குறைக்கும். நேர் எதிரே நின்று எடுக்கும்போது உதவாது, வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். அதைவிட எளிய வழி, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவது. வெள்ளைச் சட்டையோடு கண்ணாடி ஓவியத்துக்கு முன்னால் நின்றால் படம் முழுக்க நீங்கள்தான். அரை அடி இடமோ வலமோ நகர்ந்து எடுத்து, பிறகு மென்பொருளில் நேராக்கிக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது, வெள்ளைச் சுவர். அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் கேமரா பயந்துபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் (கேமராவின் வெளிச்சப் படி) வரை கூட்டுங்கள். கறுப்புச் சுவர் கூடத்தில் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

எல்லா ஓவியத்தையும் நேராக எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. லூச்சியோ ஃபொன்டானா கேன்வாஸைக் கத்தியால் கீறியவர். நேர் எதிரே நின்றால் அந்தக் கீறல் வெறும் கறுப்புக் கோடு. கொஞ்சம் பக்கவாட்டில் போனால்தான் துணி உள்ளே மடிந்திருப்பதும் பின்னால் இருட்டு இருப்பதும் தெரியும். ஆன்செல்ம் கீஃபர் வைக்கோலையும் ஈயத்தையும் ஒட்டி வைத்த ஓவியங்களும் அப்படியே. பக்கத்திலிருந்து பார்த்தால் உழுத வயல் மாதிரி இருக்கும்.

நேரில் பார்த்த நிறம் படத்தில் வரவில்லையே?

பல சமயம் வரவே வராது. முதலில் ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று கேமரா எடுத்துக்கொள்வதை, ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, பெயர் அட்டையின் வெள்ளையையோ சுவரையோ வைத்துச் சரிசெய்யுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

மீதிப் பாதி தீராதது. இவ் க்ளைனின் நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமிப் பொடி பொடியாகவே தெரியும்படி ஒரு பிசினில் கலந்து பூசியது. நேரில் அது சுவரிலிருந்து வெளியே மிதப்பதுபோல இருக்கும். போன் திரையால் அந்த அளவு நீலத்தைக் காட்ட முடியாது. ஆட் ரைன்ஹார்ட் 1960களில் வரைந்த கறுப்பு ஓவியங்கள் இன்னும் மோசம். ஐந்தடிச் சதுரத்துக்குள் ஒன்பது கட்டங்கள், அவற்றுக்குள் மயிரிழை வித்தியாசத்தில் வெவ்வேறு கறுப்புகள். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் கண்ணுக்குப் பிடிபடும். கேமராவுக்கு எல்லாமே ஒரே தார். இந்த மாதிரி ஓவியங்களுக்கு முன்னால் நான் கேமராவைப் பையில் போட்டுவிடுவேன், அல்லது ஓவியத்தை விட்டு அதற்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவரை எடுப்பேன்.

முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுப்பது சரியா?

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஜெர்மனியில் 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவருடைய படத்தை வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. பிரான்சிலும் தன் உருவத்தின் மீதான உரிமையைக் கண்டிப்பாகவே பார்க்கிறார்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் பொது இடத்தில் எடுப்பதற்குத் தடை குறைவு. ஆனால் அருங்காட்சியகத்தின் உள்பகுதி தெரு இல்லை, அங்கே நிர்வாகம் போட்ட விதிதான் முதலில். சில இடங்களில் 'மற்ற பார்வையாளர்களை எடுக்காதீர்கள்' என்றே எழுதியிருப்பார்கள்.

சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதுகுப் பக்கத்திலிருந்தோ தூரத்திலிருந்தோ எடுக்கிறேன். முகம் தெளிவாகத் தெரிந்தால், எடுத்த பிறகு போய்ப் படத்தைக் காட்டிக் கேட்கிறேன். குழந்தைகளைப் பெற்றோரிடம் கேட்காமல் எடுப்பதில்லை. அழுதுகொண்டிருப்பவரை எடுப்பதே இல்லை. ஓவியத்துக்கு முன்னால் அழுபவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஒருமுறை, கேமரா வைத்திருந்த ஒரு பெண்மணியை எடுத்தேன். கேமரா வைத்திருப்பவர் ஆயிற்றே, தவறாக நினைக்க மாட்டார் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அவர் நேராக என்னிடம் வந்து, "நீங்கள் எடுத்ததை நான் பார்த்தேன், அழித்துவிடுங்கள்" என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் முன்னாலேயே அழித்தேன்; அழித்தவை கிடக்கும் தொட்டியையும் திறந்து, அங்கிருந்தும் நீக்கிக் காட்டினேன். நல்ல படம்தான். வாதாடியிருந்தாலும் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்? யாராவது அழிக்கச் சொன்னால் காரணம் கேட்காமல் அழித்துவிடுங்கள்.

ஓவியமும் மனிதரும் சேர்ந்த நல்ல படம் எப்படிக் கிடைக்கும்?

ஆளைத் துரத்தாதீர்கள். ஓவியத்தைத் தேர்ந்தெடுங்கள், பிறகு கொக்கு மாதிரி காத்திருங்கள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்.

பெரிய ஆட்களும் இதைத்தான் செய்தார்கள். பிரேசிலைச் சேர்ந்த அலேசியோ டி ஆன்ட்ராடே 1964 முதல் 2002 வரை பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்வையாளர்களை எடுத்தார், சுமார் 12,000 படங்கள். ஆஸ்திரியாவின் ஸ்டெஃபான் ட்ராஷான், ஓவியத்தோடு ஒத்துப்போகும் உடையோ தலைமுடியோ உள்ளவர் தற்செயலாக வந்து நிற்கும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பவர். யாரையும் நிற்கச் சொல்வதில்லை. ஜெர்மனியின் தாமஸ் ஷ்ட்ரூத் 1989இல் தொடங்கிய வரிசையில் கூட்டத்தையும் ஓவியத்தையும் ஒரே அளவு மரியாதையோடு பெரிய கேமராவில் எடுத்தார். புளோரன்ஸில் மிக்கேலாஞ்சலோவின் 'டேவிட்' சிலையைப் பார்க்க வந்தவர்களை 2004இல் எடுத்தபோது சிலையை விட்டுவிட்டு, அண்ணாந்த முகங்களை மட்டும் காட்டினார். எலியட் எர்விட் 1995இல் பிராடோவில் எடுத்த படம் பலருக்குத் தெரிந்திருக்கும். கோயாவின் 'மாஹா' ஓவியங்கள் இரண்டு. ஆடையில்லாத மாஹாவுக்கு முன்னால் ஆண்கள் கூட்டம்; ஆடையணிந்த மாஹாவுக்கு முன்னால் ஒரே ஒரு பெண். இன்று அதே இடத்தில் அந்தப் படத்தை எடுக்க முடியாது.

உடையும் ஓவியமும் ஒரே நிறம் என்பது சிரிக்கவைக்கும். நாலைந்து படத்துக்கு மேல் எனக்கு அலுத்துவிட்டது. எனக்குப் பிடித்தது உடம்பு என்ன செய்கிறது என்று பார்ப்பது. ஓவியத்தைப் பார்ப்பவர்களுக்குத் தங்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாது. பின்னால் கட்டிக்கொள்வார்கள், முகவாயைத் தடவுவார்கள், பையின் வாரைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒருவர் ஓவியத்தைப் பார்ப்பார், மற்றவர் அவரைப் பார்ப்பார்.

ஒருநாள் ஒரு பெரிய ஓவியத்துக்கு எதிரே பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். சாம்பல் பின்னணி, இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு மஞ்சள் பட்டை. பலர் நடையைக்கூடக் குறைக்காமல் கடந்துபோனார்கள். மாணவர் கூட்டம் ஒன்று வந்து தரையில் உட்கார்ந்து, எழுந்து போனது. அப்புறம் ஒரு பெரியவர் வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், மாட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடி பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, தரையில் போட்ட கோட்டைத் தாண்டாமல் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவு போய், தலையை முழுக்கச் சாய்த்துக் கேன்வாஸின் பக்கவாட்டு விளிம்பைப் பார்த்தார். துணி மடித்து ஆணி அடித்த இடம். மஞ்சள் அங்கேயும் தொடர்கிறதா என்று பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த ஒரு நொடியை எடுத்தேன். படத்தில் ஓவியம் பாதிதான் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் கையில் தொங்கும் மூக்குக் கண்ணாடிதான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிறது.

அமைப்பு பற்றி இரண்டு வார்த்தை: ஆளின் தலை ஓவியத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்று உள்ளே இருக்கட்டும், இல்லை வெளியே. ஷட்டர் வேகம் 1/125 விநாடி வைத்தால் நடப்பவர் உறைவார். 1/15க்கு இறக்கிப் பெஞ்சில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் நடப்பவர் கலங்குவார், நிற்பவர் மட்டும் தெளிவாக இருப்பார்.

நண்பரை ஓவியத்துக்கு முன்னால் நிற்கவைத்து எடுக்கலாமா?

தாராளமாக. ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்தவருக்கு வழிவிடுங்கள். பின்னால் போகும்போது மட்டும் ஜாக்கிரதை. 2025இல் புளோரன்ஸின் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் படத்துக்காகப் பின்னால் சாய்ந்த ஒருவர் தடுமாறி, பழைய உருவ ஓவியம் ஒன்றின் கேன்வாஸைக் கிழித்துவிட்டார். அதே ஆண்டு வெரோனாவில், படிகங்கள் பதித்த 'வான் கோ' நாற்காலி என்ற கலைப்பொருளில் ஒருவர் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளப் போய், அது உடைந்தது. 2017இல் வாஷிங்டன் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறைக்குள் இருந்த பூசணி வடிவச் சிற்பம் ஒன்றும் இப்படித்தான் சேதமானது.

எது கலைப்பொருள், எது சாதாரணப் பொருள் என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

வெட்கப்பட வேண்டாம், எல்லோருக்கும் நடப்பதுதான். 2016இல் சான் பிரான்சிஸ்கோ நவீனக் கலை அருங்காட்சியகத்தில் விளையாட்டுப் பையன்கள் ஒரு மூக்குக் கண்ணாடியைத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் சுற்றிக் கூடினார்கள், ஒருவர் தரையில் படுத்தே படம் எடுத்தார். மறுபக்கமும் உண்டு. டுவேன் ஹான்சன் செய்த காவலர் சிலைக்கு உண்மையான காவலரிடமிருந்து வித்தியாசமே தெரியாது; வழி கேட்டு நின்றால் பதில்தான் வராது. 2018இல் போர்ச்சுகலின் செரால்வெஸ் அருங்காட்சியகத்தில், தரையில் வரைந்த கறுப்பு வட்டம் போலத் தெரிந்த அனிஷ் கபூரின் படைப்பில் ஒருவர் விழுந்துவிட்டார். அது வட்டம் இல்லை, சுமார் எட்டடி ஆழக் குழி.

சந்தேகம் வந்தால் சுவரில் அட்டை இருக்கிறதா பாருங்கள். அட்டை இல்லாவிட்டால் தீயணைப்புக் கருவியாகத்தான் இருக்கும். எப்படியானாலும் தொடாதீர்கள்.

காவலர்களோடு எப்படி நடந்துகொள்வது?

உள்ளே நுழைந்ததும் ஒரு வணக்கம் சொல்லி, "இந்தக் கூடத்தில் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். கேட்டவரை அவர்கள் பின்தொடர்வதில்லை. நாள் முழுக்க அங்கேயே நிற்பதால் எந்த ஓவியத்துக்கு முன்னால் ஆட்கள் அதிக நேரம் நிற்கிறார்கள், எத்தனை மணிக்கு மேல்கூரை வெளிச்சம் எந்தச் சுவரில் விழும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. எனக்குக் கிடைத்த நல்ல படங்களில் இரண்டு, காவலர்கள் சொன்ன இடத்தில் நின்று எடுத்தவை.

எப்போது போனால் நல்லது?

ஓவியத்தை மட்டும் எடுக்க, வார நாளில் கதவு திறந்ததும். மனிதர்களை எடுக்க, மழை பெய்யும் விடுமுறை நாள் மதியம்.

படம் எடுத்துக்கொண்டே இருந்தால் ஓவியத்தைப் பார்ப்பது எப்போது?

நியாயமான கேள்வி. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களை அழைத்துப்போய்ச் சோதித்தார். முடிவு 2014இல் வெளியானது. சில பொருட்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். படம் எடுத்தவை குறைவாகவே நினைவில் நின்றன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் கையைக் கழுவிவிடுகிறது போல. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அதனால் நான் முழு ஓவியத்தை ஒருமுறை எடுத்தால், கிட்டே போய் ஒரு மூலையையாவது தனியாக எடுக்கிறேன். எந்த மூலை என்று முடிவு செய்வதற்காகவாவது பார்த்துத்தானே ஆக வேண்டும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த, 2001இல் வெளியான ஆய்வொன்றில், ஒருவர் ஓர் ஓவியத்தைப் பார்த்த சராசரி நேரம் சுமார் 27 விநாடி. என் கணக்கு, முதல் ஒரு நிமிடம் கேமரா கழுத்தில் தொங்கட்டும்.

எடுத்த படங்களை இணையத்தில் போடலாமா?

சொந்தப் பக்கத்தில், ஓவியர் பெயரோடு போடுவதை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் விரும்பவே செய்கின்றன. இலவச விளம்பரம் அல்லவா! அட்டை, டி-சர்ட், நாள்காட்டி என்று விற்கப் போனால் கதை வேறு. ஐரோப்பாவில் பதிப்புரிமை ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை, இந்தியாவில் 60 ஆண்டுகள் வரை. 1973இல் இறந்த பிக்காசோவுக்கே ஐரோப்பாவில் 2043 முடியும்வரை உரிமை உண்டு. சமகாலக் கலைஞர்களில் பலர் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுவிடுவதே நல்லது. படத்தில் அடையாளம் தெரியும் மனிதர் இருந்தால் அவர் சம்மதம் தனி.

வீட்டுக்கு வந்த பிறகு எது எந்த ஓவியம் என்று குழம்புகிறதே?

ஒவ்வொரு ஓவியத்தையும் எடுத்த கையோடு பெயர் அட்டையையும் எடுங்கள். எப்போதும் ஓவியம் முதலில், அட்டை பிறகு. இந்த வரிசையை மாற்றவே கூடாது. நடுவில் ஒருமுறை மாறினால் அதற்குப் பிறகு வரும் நாற்பது படமும் தவறான பெயரில் போய் உட்காரும். அன்று இரவே கோப்புறைக்குப் பெயர் வையுங்கள், ஒரு வாரம் கழித்து எதுவும் ஞாபகம் இருக்காது.

மேலே சொன்ன பெரியவர் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் அந்த ஓவியர் யார் என்றுதான் கேட்கிறார்கள். அன்று அவர் போன பின்னாலேயே நானும் போய், கேன்வாஸின் விளிம்பை எட்டிப் பார்த்தேன். மஞ்சள் அங்கேயும் தொடர்ந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அட்டையை எடுக்க மறந்துவிட்டேன்.